மேலே வர வேண்டாம் என்று சொன்னது

ஏப்ரல் 5, ஞாயிறு

நல்ல வெயில். காற்று இல்லை. குருத்து ஞாயிறு, ஆனால் கொரோனா ஊரடங்கில் கோவில் பூட்டு. பூசை போனில்தான். பிரசங்கத்தின் நடுவில் நெட் போய், சாமியார் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டார். கூடச் சிரிக்க ஆளில்லை. நானே சிரித்துக்கொண்டேன்.

தலை பின்னி இன்றோடு ஆறு நாள். என் கை தோளுக்கு மேலே போகாது. கீழ்வீட்டு ஜுலைகாதான் தினமும் காலையில் மேலே வந்து பின்னிவிடுவாள். வீட்டுச் சொந்தக்காரி, ஆனால் அந்த மிடுக்கெல்லாம் கிடையாது. போன வாரம் நான்தான் சொன்னேன், "கொஞ்ச நாளைக்கு மேல வராதீங்க ஜுலைகா" என்று. முடக்குவாதத்துக்கு நான் போடும் மாத்திரை உடம்பின் எதிர்ப்பைக் குறைக்குமாம், யாரையும் கிட்டே சேர்க்காதீர்கள் என்று டாக்டர் போன் செய்திருந்தார். அதை அவளிடம் சொல்லவில்லை. பதினோரு வருடமாக எல்லோரிடமும் "சும்மா மூட்டுவலி" என்றே சொல்லி வைத்திருக்கிறேன். வியாதிக்காரி என்று தெரிந்தால் பள்ளி ஆபீசில் என் நாற்காலி நிலைக்காது.

ஏப்ரல் 8, புதன்

வாங்க வேண்டியது: ரவை, துணி சோப்பு, வலித் தைலம், பேச ஒரு ஆள் (கடையில் இருப்பு இல்லை).

பள்ளி வாட்ஸப் குழுவில் அசிங்கமான செய்தி. முஸ்லிம்கள்தான் நோயைப் பரப்புகிறார்களாம். காய்கறிக்காரரைக்கூடப் பெயர் கேட்டுவிட்டு வாங்கவேண்டுமாம். யாரோ கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்கள். நான் பதில் போடவில்லை. குழுவை விட்டு வெளியேறவும் இல்லை.

ஜுலைகா பால் பாக்கெட்டை மூன்றாம் படியில் வைத்துவிட்டு, "அக்கா, பாலு." அவ்வளவுதான். முன்பெல்லாம் பால் கொடுக்க வந்தால் அரைமணி நேரம் பேச்சு.

ஏப்ரல் 10, பெரிய வெள்ளி

தங்கை மரி பாரிசிலிருந்து வீடியோவில். கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். "நல்லா இருக்கேன்." "உனக்கென்னக்கா, கீழயே ஆளு இருக்கு. இங்க பக்கத்து வீட்டுல யாரு இருக்கான்னே தெரியாது" என்றாள். ஆமாம் ஆமாம் என்றேன். போனை வைத்த பிறகு அழுதேன். மூக்கைத் துடைக்கக்கூட விரல் மடங்கவில்லை.

கஞ்சி மட்டும். ஒருசந்தி விரதம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 15, புதன்

மணிக்கட்டு இரண்டும் வீக்கம். குழாயைத் திருக முடியவில்லை, முழங்கையால் தள்ளினேன். ஏன் இப்படி என்று மருந்து டப்பாவைக் கவிழ்த்தால், இரண்டு வார மாத்திரை அப்படியே இருக்கிறது. புத்திகெட்டவள். வாரம் ஒருமுறை மாத்திரை. ஞாயிறு பூசை, வீடு வந்து இட்லி, பிறகு மாத்திரை. இது பதினோரு வருடப் பழக்கம். பூசைக்குப் போகவில்லை, அதனால் மாத்திரையும் போடவில்லை. ஈஸ்டர் அன்றைக்கும் போடவில்லை.

டாக்டருக்குப் போன். "சேத்துப் போட்டுடாதீங்கம்மா. இந்த ஞாயித்துக்கிழம எப்பவும் போடுற அளவு மட்டும் போடுங்க." நேரில் போகவும் வழியில்லை. அவர் புதுச்சேரி. எங்கள் ஊரும் அதே மாநிலம்தான், ஆனால் நடுவில் தமிழ்நாடு. எல்லையில், பூவத்திலேயே திருப்பி அனுப்புகிறார்களாம்.

ஏப்ரல் 19, ஞாயிறு

மாத்திரை போட்டேன். குமட்டல்.

சீப்பைத் தோசைக் கரண்டியின் காம்பில் கட்டித் தலை வாரப் பார்த்தேன். சீப்பு சிக்கிலேயே தொங்கி நின்றது, கரண்டி கீழே விழுந்தது. முடியை வெட்டிவிடலாமென்றால் கத்திரிக்கோல் வளையத்துக்குள் விரல் போகவில்லை.

மாலையில் கீழே ஜுலைகா வாசலில் நின்று ஷார்ஜாவிலிருக்கும் கணவரோடு போனில். காதைத் தீட்டவில்லை, தானாக விழுந்தது. "மேல உள்ளவங்களா? நல்லாத்தான் இருக்காங்க. நம்மள மேல வரவேணாம்னுட்டாங்க... ஆமா, ஊரே அப்புடித்தான இருக்கு. விடுங்க."

அந்தச் செய்திகள் கிளம்பிய அதே வாரம்தான் நான் அவளை வராதே என்றிருக்கிறேன். காரணமும் சொல்லவில்லை. அவள் வேறென்ன நினைப்பாள்? வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 22, புதன்

மூன்று தடவை படி வரை போய்த் திரும்பினேன். யாரோடும் பேசவில்லை. குக்கர் விசிலுக்கு "வர்றேன்" என்று பதில் சொன்னேன்.

ஏப்ரல் 25, சனி

முதல் நோன்பு. வருடா வருடம் முதல் நாள் கஞ்சி மேலே வந்துவிடும். இந்த வருடம் வராது, அதுதான் நியாயம் என்று நினைத்திருந்தேன். ஐந்தரை மணிக்கு மூன்றாம் படியில் தூக்குச்சட்டி. "அக்கா, கஞ்சி." திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

மூடி இறுக்கம். உள்ளங்கையால், புடவைத் தலைப்பால், கதவிடுக்கில் வைத்து, எல்லாம் பார்த்தாயிற்று. மேல்படியிலேயே தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிறகு கூப்பிட்டேன். "ஜுலைகா... மூடி தெறக்க முடியல."

முகத்தில் துணி கட்டிக்கொண்டு பாதிப் படி வந்தாள். "என்னக்கா இது, கை இப்புடி வீங்கிக் கெடக்கு?"

சொன்னேன். நோயின் பெயர், மாத்திரை, டாக்டர் சொன்னது, எல்லாம். தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷியைப் படியில் நிறுத்தி வைத்துக்கொண்டு.

"இத அன்னைக்கே சொன்னா என்னவாம்? நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்" என்றாள். மூடியைத் திறந்து வைத்தாள். "நோன்பு தொறக்க பாங்கு சொல்லிருவாங்க, நான் போறேன்."

கஞ்சி ஆறியிருந்தது. முழுவதும் குடித்தேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

மாத்திரை போட்டாயிற்று. காலண்டரில் கோடு.

பத்து மணிக்கு ஜுலைகா வந்தாள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய ஈரம். என்னை மாடி வாசலில் வெளியே பார்க்க உட்காரவைத்தாள். "நீங்க தெருவப் பாத்துக்கங்க, நான் பின்னால நிக்கிறேன். மூச்சு மேல படாது."

எண்ணெய் வைத்து, நுனியிலிருந்து சிக்கெடுத்தாள். ஒரு மாதமாக என்மேல் ஒரு மனுஷக் கை படவில்லை. பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வலிக்குதா?" "இல்ல."

பாதிச் சிக்கு எடுபட்டது. பிறகு கேட்டாள், "அந்த மாத்திரைக்காக மட்டுந்தானாக்கா வரவேணாம்னீங்க?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். முகத்தைப் பார்க்கவேண்டியதில்லை, சுலபம்தான். ஆனால் அந்தச் செய்திகளை ஒன்று விடாமல் படித்தவள் நான். அவள் தொட்ட பால் பாக்கெட்டை இரண்டு தடவை கழுவியவளும் நான்.

"இல்ல ஜுலைகா" என்றேன்.

சீப்பு நின்றது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

"தெரியும்" என்றாள். "தலைய ஆட்டாதீங்க."