ஐந்தடி இரண்டங்குல வாசல்

பியர்பொன்ட்ஸ்,
மொன்றியல்
8.2.1998

அன்பு மகன் டனிஸ்ரனுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் கிருபையால் நான் சுகம், நீயும் மருமகள் அனோஜினியும் அந்தக் கல்வீட்டில் குளிர் பிடிக்காமல் இருக்க ஒவ்வொரு பூசையிலும் மன்றாடுகிறேன்.

நீ அனுப்பிய படங்கள் கிடைத்தன. இங்கிலாந்து முழுக்கத் தேடியும் முந்நூறு வருடப் பழைய வீடுதானா அகப்பட்டது என்று முதலில் கோபம் வந்தது, பிறகு பார்க்கப் பார்க்கப் பிடித்துவிட்டது. சுவர் தேன் நிறம், இரண்டடிக் கனம், கூரையிலும் ஓட்டுக்குப் பதில் கல், கீழே பெரிய கல்லும் மேலே போகப் போகச் சின்னக் கல்லுமாக அடுக்கியிருக்கிறார்கள், அவ்வளவு பாரத்தையும் அந்தக் கோணல் மரங்கள் தாங்குகின்றனவே! ஆனால் ஒரு ஜன்னல் மாற்றவும் கவுன்சிலைக் கேட்க வேண்டுமென்றால் வீடு உன்னுடையதா கவுன்சிலுடையதா? ஈரம் கசிகிறதென்று அவசரப்பட்டுச் சீமெந்து பூசாதே, சுண்ணாம்புச் சாந்துதான் பூச வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் உள்ளே நின்று கல் உதிரும் என்று நீயே எழுதினாய், பிறகு மறந்துவிடுவாய்.

இங்கே போன மாதம் ஐஸ் மழை பெய்து கரண்ட் போனபோது நான் ஒன்றுமில்லை என்று போனில் சொன்னேன், அது பொய். எங்கள் வீடு பலகையும் அட்டையும்தானே, ஒரே நாளில் விறைத்துவிட்டது. எங்கள் கோயிலுக்கு வரும் பத்திநாதர் அண்ணை காரோடு வந்து, தங்கச்சி தனியக் கிடந்து விறைக்கப் போறியளே, வெளிக்கிடுங்கோ என்று தங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே விறகடுப்பைச் சுற்றி அவருடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், நான் ஒரு கரையில். உன் படத்திலிருந்த பெரிய அடுப்புத்தான் நினைவில் நின்றது. அப்பா போனதிலிருந்து சில நாள் முழுக்க வாயே திறப்பதில்லை ராசா, தனிமை பொல்லாதது. அந்த வீடு அம்மாவுக்குச் சரிவராது, வாசல் பதிவு, குனிந்துதான் நுழைய வேண்டும், மாடிப்படி அடுப்புக்குப் பக்கத்தால் சுழன்று ஏறுகிறது என்று எழுதியிருந்தாய். வாசல் ஐந்தடி இரண்டங்குலம் என்றாயே, அந்த அளவைக் குசினிக் கதவில் பென்சிலால் கீறி நேராக நின்று பார்த்தேன். தலைக்கு மேல் நாலு விரல் மிச்சம்! படி ஏறாவிட்டால் என்ன, அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் போதும். அதற்குக் கவுன்சில் அனுமதி தேவையில்லை, நீங்கள் இருவரும் வாங்கோ என்றால் போதும்.

மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். நீ அப்பாவின் உயரம், வாசலில் குனிந்து போ. பென்சில் கோட்டை நான் இன்னும் அழிக்கவில்லை.

அன்புடன் அம்மா
றோசலின் அருமைராசா