கதவைப் பிடித்து நின்றவர்

அக்டோபர் 9

அன்பு மருமகளுக்கு,

நான் சௌக்கியம். உன் சௌக்கியம் நாலே வரியில் வந்து சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு மை அளந்துதான் கொடுப்பார்களோ?

இங்கே பெய்கிற மழையில் இலையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டது. கூரைத் தண்ணீர் போகிற குழாய் அடைத்துக்கொண்டு, சமையலறைச் சுவரில் வழிகிறது. புயல் வரும் என்று ரேடியோ ரெண்டு நாளாகக் கத்துகிறது. நீ பதறி ஓடி வராதே. நானும் ரெண்டு ஆடும் சேர்ந்து சமாளித்துக்கொள்வோம்.

போன தடவை பஸ் ஏறும்போது "அத்தை" என்று கூப்பிட்டாய். என்ன என்றால் "ஒண்ணுமில்லை" என்றாய். அந்த ஒண்ணுமில்லை என்ன என்று எழுது.

உன் அத்தை

அக்டோபர் 12

அன்புள்ள அத்தைக்கு,

கோவிச்சுக்காதீங்க. வார்டு நிரம்பி வழிகிறது. லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. டவுனுக்கு வந்துவிடுங்கள் என்றால் ஆட்டை யார் பார்ப்பது என்பீர்கள். அதனால் எங்கள் ஆஸ்பத்திரிக்கு கரண்ட் வேலைக்கு வருபவரிடம் சொல்லியிருக்கிறேன். உங்களை ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவார். விரட்டிவிடாதீர்கள்.

ஒண்ணுமில்லை என்றால் ஒண்ணுமில்லைதான். மாத்திரையை மறக்காதீங்க.

உங்கள் மருமகள்

அக்டோபர் 17

என் கண்ணுக்கு,

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

முந்தாநாள் மதியம் காற்று ஆரம்பித்தது. கோழிக்கூண்டின் தகரம் பறந்துபோய்க் கிணற்றில் விழுந்தது. ஆடுகளை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டிருந்தபோது உன் கரண்ட்காரர் வந்து நின்றார். வழியில் மரம் விழுந்து, வண்டியைப் போட்டுவிட்டு நடந்தே வந்திருக்கிறார். வந்த ஐந்தாவது நிமிஷம் பின்கதவுத் தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டது. "அம்மா, நீங்க ஆட்டோட உள்ளே போங்க" என்று கதவில் முதுகைக் கொடுத்து நின்றவர், ரெண்டு மணி நேரம் நகரவில்லை. காற்று கொஞ்சம் அடங்கியதும் ரெண்டு பேருமாக பீரோவை நகர்த்தி முட்டுக்கொடுத்தோம்.

தொப்பலாக நனைந்து நடுங்கினார். என் மகனின் ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்தேன். கையில் வாங்கியவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது அவரோடதும்மா. எனக்கு ஒரு பழைய போர்வை போதும்."

அது போய்ச்சேர்ந்த என் மகனுடையது என்று நான் சொல்லவே இல்லையே! நீ சொல்லியிருந்தால்தான் உண்டு.

"தம்பி, உனக்கு அவளைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"அதை அவங்கதான் உங்ககிட்ட சொல்லணும்மா. நான் முந்திக்கக் கூடாது."

அப்புறம் நான் அழுதேன். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், பாவம்.

எத்தனை நாளாக?

அத்தை

அக்டோபர் 20

அத்தை,

எட்டு மாதமாக.

சொல்ல வாயெடுப்பேன், வராது. உங்கள் மகன் போய் நாலு வருஷமாகிறது. ஒரு நாள்கூட என்னைத் தனியாள் என்று நினைக்க விட்டதில்லை நீங்கள். அதனால்தான் பயம். இன்னொரு தடவை உங்களிடமிருந்து எதையோ பிடுங்குவதுபோல ஆகிவிடுமோ என்று.

நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். மனசாரத்தான் சொல்கிறேன்.

உங்கள் மருமகள்தான், எப்போதும்

அக்டோபர் 25

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் போடவில்லை. எட்டு மாதம் மறைத்தாயே என்று கோபம். கோபத்தில் ஆட்டுக்குக்கூட ரெண்டு அதட்டல்.

பிறகு யோசித்தால், நானும் உன்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன். ரெண்டு வருஷமாக நீ வருகிற பஸ்ஸிலிருந்து உன் பின்னால் யாராவது இறங்குகிறார்களா என்று பார்ப்பேன். இறங்கினால் தேவலை என்று இருக்கும். யாரும் இறங்காவிட்டால் நிம்மதியாகவும் இருக்கும். ரெண்டும் நிஜம்தான்.

'வேண்டாம் என்றால் வேண்டாம்' என்று இனி எழுதாதே. அந்தப் பாரத்தை என் தலையில் இறக்காதே. நல்லவராக இருக்கிறார், கட்டிக்கொள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் என் மகன் பேச்சு வந்தால், யாரும் சட்டென்று பேச்சை மாற்றக் கூடாது. அவன் குறட்டையையும், சைக்கிளில் உன்னை உட்காரவைத்துச் சேற்றில் தள்ளியதையும் சிரித்துச் சொல்ல வேண்டும். அவரும் கேட்டுச் சிரிக்கட்டும். அவனைப் பற்றிப் பேச எனக்கு உன்னைவிட்டால் யாரும் இல்லை, கண்ணு.

ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் வாங்க.

அத்தை