நாலாம் மாடிப் பல்கணி

லா சப்பல், பாரிஸ்
09.03.2025

அன்பு மகள் தர்மிளாவுக்கு,

நானும் அம்மாவும் இங்கே உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அந்தப் பிரிஸ்பேன் வெயிலில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். அம்மாவுக்குப் பிறஷர் இறங்கிவிட்டது, மாத்திரையைக் குறைத்திருக்கிறார்கள், ஆனால் உப்பைக் குறை என்றால் மட்டும் அவளுக்குக் காது கேட்பதில்லை. அண்ணன் மதுஷன் வாகனம் ஓட்டும் பரீட்சையில் இரண்டாம் தரமும் கோட்டை விட்டான், கேட்டால் பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்துவிட்டு அறைக்குள் போய்விடுகிறான். கடையில் வேலை எப்போதும்போலத்தான், சனிக்கிழமைகளில் மரக்கறி வாங்க வரும் சனத்துக்குள் நிமிர நேரமில்லை. இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லலாமே, அப்பா ஏன் கடதாசி எடுத்தார் என்று யோசிப்பாய். தொலைபேசியில் உனக்கு ஒரு பொய் சொன்னேன் பிள்ளை, அதனால்தான் எழுதுகிறேன். நீ தமிழ் வாசித்துக் கனகாலம், எங்கேயாவது தட்டுப்பட்டால் சத்தமாக வாசி, விளங்கும்.

மூன்று கிழமைக்கு முன் அழுதுகொண்டு எடுத்தாயே. பயிற்சிக்குப் போன கட்டிடத்தளத்துக்குக் கொங்கிறீட் லொறி பிந்தி வந்தது, கலவை இறுகத் தொடங்கியதால் சாரதி அதற்குள் தண்ணீர் விட்டுவிட்டான், நீ கலவையின் இறுக்கம் பார்க்கும் இரும்புக் கூம்பில் நிரப்பித் தூக்கிப் பார்த்தாய், அது கஞ்சிபோலச் சரிந்தது, லொறியைத் திருப்பி அனுப்பிவிட்டாய். அதற்காகத் தளப் பொறுப்பாளர் எல்லோருக்கும் முன்னால் உன்மேல் பாய்ந்தார் என்றும், பின்னேரம் முழுக்க வேலை நின்றதால் தொழிலாளிகளும் உன்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை என்றும் சொன்னாய். நாலு வருடம் படித்தது போதும், எஞ்சினியரிங்கை விட்டுவிட்டு விஞ்ஞானப் பட்டத்தை மட்டும் முடிக்கப்போகிறேன், ஆய்வுகூடத்துக்குள் ஒருவரும் கத்தமாட்டார்கள் என்றாய். பங்குனி மாதக் கடைசிக்குள் பல்கலைக்கழகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்றும் சொன்னாய். இரட்டைப் பட்டம் என்றால் என்ன என்று இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு விளக்கம் சொல்லித் திரிந்தவன் நான், அந்தப் பெருமையை இப்போதைக்கு மூட்டை கட்டி வைக்கிறேன். கடைசியாக நீ பிரெஞ்சில் ஒன்று கேட்டாய். அப்பா, நீங்களும் கட்டிட வேலை செய்த ஆள்தானே, நீங்களும் இப்படித் தண்ணீர் விட்டிருக்கிறீர்களா என்று. இல்லைப் பிள்ளை, எங்கட காலத்தில எல்லாம் சரியான கண்டிப்பு என்று சொல்லிவிட்டு அவசரமாகத் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்தேன்.

விட்டேன் பிள்ளை. 2008ஆம் ஆண்டு ஆடி மாதம், சார்செலில் ஓர் ஐந்து மாடிக் கட்டிடம். நீ அப்போது பாலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாய். தாங்க முடியாத வெக்கை, வீதி நெரிசலில் லொறிகள் பிந்தின, மூன்றாம் நாலாம் மாடிப் பல்கணிகளுக்குக் கலவை ஊற்ற வேண்டும், ஊற்றினால் அசையவில்லை. எங்களை வேலை வாங்கும் செஃப் தண்ணீரை விடு என்றார். குழாயைப் பிடித்தது நான். மூன்று லொறிக்குப் பிடித்தேன். உன்னுடைய அந்தக் கூம்பு எங்கள் தளத்திலும் இருந்தது, ஒரு மூலையில் காய்ந்துபோய்க் கிடந்தது, தாளில் மட்டும் யாரோ அளவு எழுதினார்கள். தெரியாமல் செய்தேன் என்று எழுதினால் இன்னொரு பொய்யாகிவிடும். டேமியன் என்று ஒரு வயதான மேசன் எங்களோடு வேலை செய்தார், தண்ணீர் கூடினால் கைக்குச் சுகம், கட்டிடத்துக்குக் கேடு, உள்ளே கம்பி கறள் பிடிக்கும் என்று அவர் முதல் கிழமையே சொல்லித் தந்திருந்தார். எனக்கு வதிவிட அட்டை புதுப்பிக்க வேண்டிய காலம், அதற்கு வேலைக் கடிதம் வேண்டும், வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று பயந்தேன். பயம் உண்மை, அதற்காக நான் செய்தது சரியாகிவிடாது.

அதோடு முடிந்திருந்தால் உனக்குச் சொல்லாமலே இருந்திருப்பேனோ என்னவோ. எங்கள் கடையில் என்னோடு வேலை செய்யும் யோனை உனக்குத் தெரியும், மன்னார்க்காரன். இரண்டு வருடத்துக்கு முன் அவனும் மனைவி பேர்ளியும் வீடு மாறினார்கள், பாதர் வந்து வீட்டை மந்திரிக்கிறார், அண்ணை நீங்களும் அக்காவும் கட்டாயம் வரவேணும் என்று கூப்பிட்டான். விலாசத்தை வாங்கிப் பார்த்தேன். அதே கட்டிடம், நாலாம் மாடி. எல்லோரும் பல்கணியில் நின்று தேத்தண்ணி குடிக்கிறார்கள், நான் முழங்கால் நோகுது என்று சொல்லிக் கதவடியிலேயே இருந்துகொண்டேன். மரியாதை தெரியாத மனிசன் என்று வரும் வழி முழுக்க அம்மா திட்டினாள். பிறகும் நாலைந்து தரம் போயிருக்கிறோம். பேர்ளி பூச்சாடிகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள், போன மார்கழியில் நத்தார் கொண்டாடப் போனபோது சாடிகளுக்குக் கீழே விளிம்புச் சீமெந்து பெயர்ந்து கம்பியின் கறள் தெரிந்தது. பார்த்துக்கொண்டே கேக் சாப்பிட்டேன்.

உன்னோடு கதைத்த பிறகு, இருபத்தொரு வயதுப் பிள்ளை தனியாக நின்று செய்ததை ஐம்பத்தாறு வயதிலும் செய்யாமல் இருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு சார்செலுக்குப் போய் இருவருக்கும் முன்னால் சொன்னேன். அம்மாவுக்கும் அப்போதுதான் தெரியும். யோன் எழும்பிப் போய்ப் பல்கணிக் கதவைச் சாத்தி, சாப்பாட்டு மேசையை இழுத்து அதற்கு முன்னால் வைத்தான். பேர்ளிதான் கேட்டாள், அண்ணை, எங்கட அனுஜா நடக்கப் பழகினதே அதிலதானே, அப்பவும் உங்களுக்குத் தெரியுமோ என்று. ஓம் என்றேன். திரும்பி வரும்போது ரயிலில் அம்மா எனக்குப் பக்கத்தில் இருக்கவில்லை.

மறுநாள் யோனும் நானும் கட்டிட நிர்வாகத்தின் கந்தோருக்குப் போனோம், நீ யார், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள், தண்ணீர் விட்டவன் என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். பரிசோதிக்க ஒரு பெண் எஞ்சினியர் வந்தாள், உன்னைவிட நாலைந்து வயது மூப்பு இருக்கலாம். துளைத்து எடுத்துப் பார்த்துவிட்டு அந்த இரண்டு மாடிப் பல்கணிகளையும் மூடச் சொல்லி, கீழே இரும்புத் தூண் முட்டுக் கொடுக்க வைத்தாள். மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் அவள்மேல் கத்து கத்தென்று கத்தினார், அவள் நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தாள். முழு அறிக்கை இன்னும் வரவில்லை, என்னை எங்கே கூப்பிடுவார்களோ, என்ன கேட்பார்களோ தெரியாது, கூப்பிட்டால் போவேன். கடையில் யோன் என்னோடு வேலைக் கதை மட்டும் கதைக்கிறான், அரிசி மூட்டையை இங்கை வையுங்கோ, அங்கை வையுங்கோ என்று. அண்ணை என்று கூப்பிடுவதை விட்டுவிட்டான். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

உன்னை வளைத்துப் பிடிக்க இதை எழுதவில்லை மகள். விஞ்ஞானம்தான் உன் மனதுக்குப் பிடித்தது என்றால் அதையே படி, நான் குறுக்கே நிற்கமாட்டேன், தெருவில் யாரும் கேட்டால் அதற்கும் விளக்கம் சொல்லிக்கொள்கிறேன். மாதக் கடைசித் திகதியை மட்டும் மறந்துவிடாதே, நேரத்துக்குச் சாப்பிடு, தளத்துக்குப் போனால் தொப்பியைக் கழற்றாதே, அம்மா அனுப்பிய மிளகாய்த்தூள் வந்து சேர்ந்ததா என்று அவளுக்கு ஒரு சொல் அறிவி. எங்கே நின்றாலும் பிள்ளையார் உனக்குத் துணை நிற்பார், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன்னோடு இருக்கும். ஒன்றை மட்டும் தெரிந்து வைத்துக்கொள். அன்றைக்கு எங்கள் தளத்துக்கு உன்னைப்போல ஒரு பிள்ளை வந்து லொறியைத் திருப்பியிருந்தால், வேலையைக் கெடுத்துவிட்டாளே என்று நானும் அவளை வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன், திட்டிவிட்டு வீட்டுக்கு வந்து உன்னைத் தூக்கிக் கொஞ்சியிருப்பேன். உன்மேல் கத்தின கூட்டத்துக்குள் என்னையும் ஒரு ஆளாக நிறுத்திப் பார். பார்த்துவிட்டு முடிவெடு.

உன் அப்பா,
இராஜதுரை