காற்று திரும்பியதைப் பார்த்தவனுக்கு

ஊரிகம்,
17-11-1968

அன்பு மகன் தம்மபாலனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் லீலாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிர் சீமையில் நீயும் அப்படியே இருக்க புத்த பகவான் துணை நிற்கட்டும். உன் கடிதம் போன புதன்கிழமை வந்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது பாதியை விட்டுவிட்டுத்தான் படித்தேன், அவள் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து லீலாவைப் படிக்கச் சொல்லி முழுவதும் கேட்டுவிட்டாள். அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இன்ஜினே இல்லாத கிளைடரை நீ விஞ்ச் மெஷினில் கம்பி சுற்றி இழுத்து மேலே ஏற்றிவிடுகிறாய் என்று முதலில் எழுதியபோது, நான் தங்கச் சுரங்கத்து ஷாப்டில் ஆள் போகும் கேஜை ஏற்றி இறக்குகிறேன், என் மகன் ஆளை ஆகாயத்துக்கே ஏற்றுகிறான் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். காற்று மலைச்சரிவில் மோதி மேலே எழும்பும், அதன் மேல்தான் கிளைடர் நிற்கும், காற்று திசை மாறினால் அதே சரிவில் கீழே அழுத்திவிடும் என்று நீ விளக்கியிருந்தாய். போன வருஷம் ஒன்று அப்படி இறங்கி தேவதாரு மரத்தில் இறக்கை மோதி, ஓட்டினவர் கால் முறிந்து பிழைத்தார். இந்தத் தடவை பிஷ்ட் என்ற அந்தப் பிள்ளை பிழைக்கவில்லை. இருபத்துமூன்று வயது என்கிறாய். காற்றின் திசை காட்டும் கம்பத்துத் துணிப்பை திரும்பியதை நீ பார்த்து பெரிய இன்ஸ்ட்ரக்டரிடம் சொன்னாய், அவர் பரவாயில்லை இழு என்றார், நீ இழுத்தாய். இப்போது, அன்றைக்குக் காற்று நன்றாகத்தான் இருந்தது, பையன்தான் சொன்னதை மீறிச் சரிவை ஒட்டிப் போனான் என்று எழுதிய காகிதத்தில் உன் கையெழுத்தைக் கேட்கிறார்கள். போடாவிட்டால் வேலை போகும், லீலா கல்யாணம் இருக்கிறது, என்ன செய்யட்டும் என்கிறாய்.

தம்பி, உனக்குப் பதில் சொல்லும் யோக்கியதை எனக்கு இருக்கவில்லை. சம்பங்கி மாமா கேஜில் அடிபட்டு இறந்தபோது நீ பாடைக்குத் தோள் கொடுத்தாய். அவன் குடித்துவிட்டுத் தப்பாக மணியடித்து, கேஜ் கிளம்பிய பிறகு ஏறினான் என்றுதான் ஊரே சொன்னது. அவன் குடிக்கவில்லை. கேஜைத் தூக்கச் சொல்லிக் கீழ் லெவலிலிருந்து என் இன்ஜின் ரூமுக்கு வரும் மணி மூன்று நாளாகத் தானாகவே அடித்துக்கொண்டிருந்தது. போர்மனிடம் சொன்னேன். இன்னா ரத்தினம், ஒரு மணிக்காக ஷிப்டையே நிறுத்தச் சொல்றியா என்றார். அன்றைக்கும் மணி அடித்தது, நான் கேஜைத் தூக்கினேன், அவன் ஒரு காலைத்தான் உள்ளே வைத்திருந்தான். மணி சரியாக இருந்தது என்று அவர்கள் எழுதி நீட்டிய காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். ஏழு வருஷம் ஆகிறது. உன் அம்மாவுக்கே இந்த வாரம்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமை அவள், எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது, வெங்கடம்மாகிட்ட போய்ச் சொல்லுங்க என்றாள்.

நேற்று மாரிகுப்பம் போனேன். சம்பங்கி மனைவி வெங்கடம்மா ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளேயிருந்து மகளைக் கூப்பிட்டாள். இன்னொரு வாட்டி சொல்லுண்ணா, குடிச்சிட்டுச் செத்தவன் பொண்ணுன்னு இவளைத்தான் சொல்றாங்க, இவளும் கேக்கட்டும் என்றாள். சொன்னேன். பிறகு என்னைத் தெருவுக்கு அழைத்துவந்து அந்த லைன் வீட்டுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தினாள். மூன்றாம் தடவை தலையைக் குனிந்தபடி சொன்னேன். கேக்கலைண்ணா, சத்தமா சொல்லு என்றாள். சத்தமாகச் சொன்னேன். அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. அந்தப் பெண் மட்டும் தெருவை ஒரு தடவை முழுக்கப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

நாளைக்கு ஆபீசில் எழுதிக் கொடுக்கப் போகிறேன். ரிடையர் ஆக இரண்டு வருஷம் இருக்கிறது, என்ன செய்வார்களோ தெரியாது. லீலாவைக் காரணம் காட்டாதே, அண்ணன் என் பேரைச் சொல்லிப் பொய்க் கையெழுத்துப் போடக்கூடாது என்று அவளே எழுதச் சொன்னாள். உன் மேல் தப்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நீ இழுக்காமல் இருந்திருக்கலாம், நானும் தூக்காமல் இருந்திருக்கலாம். அந்தப் பாரம் இருக்கும். அதோடு இன்னொன்றையும் ஏற்றிக்கொள்ளாதே. வேலை போனால் நேரே வீட்டுக்கு வா, பங்காருப்பேட்டையில் வண்டி மாறும்போது சாமான் ஜாக்கிரதை. அம்மா கம்பளிச் சட்டை பார்சல் அனுப்பியிருக்கிறாள், நெஞ்சுச் சளியோடு வெளியே நிற்காதே. எங்கள் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு.

ஒன்றை மறக்காதே. உள்ளதை ஆபீசுக்கு எழுதுவதற்கு முன்னால் பிஷ்டின் அம்மாவுக்கு எழுது. வெங்கடம்மாவை நான் ஏழு வருஷம் காக்கவைத்தேன்.

உன் அப்பா,
பெ. ரத்தினம்