நானோ எண்ணெய்

செவ்வாய். கர்க்கடக மாத அடைமழை விடவில்லை.

என் வீட்டுக்காரர் வேலை பார்த்த இரும்பு மில்லின் சூப்பர்வைசர் வந்தார். பழுக்கக் காய்ச்சிய இரும்பை உருட்டும் உருளைகளுக்கு அங்கே ஏதோ பொடி கலந்த புது எண்ணெய் விடுகிறார்கள். அது தரையில் சிந்திக் கிடந்ததில் வழுக்கி விழுந்துதான் இவர் செத்தார்.

“நானோ எண்ணெய் சேச்சி, உருளை தேயவே தேயாது” என்று பெருமை பேசிவிட்டுக் காகிதத்தை நீட்டினார். “சேட்டன்தான் கவனமில்லாம சிந்திட்டாரு. ஒரு கையெழுத்து போடுங்க.”

“குழாய் ஒழுகுதுன்னு ஒரு மாசமா உங்ககிட்டதானே சொன்னாரு?”

பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார்.

அந்த எண்ணெய் வந்த அன்று பேரென்ன என்று இவரிடம் கேட்டேன். “நானோ” என்றார். “நீங்கதான், வேற யாரு?” என்று சிரித்தேன். நான் விளையாட்டுக்குச் சொன்னதை இந்த சூப்பர்வைசர் காகிதத்தில் எழுதியே கொண்டுவந்துவிட்டான். கையெழுத்துப் போடவில்லை. சாயாவும் கொடுக்கவில்லை.