ஸ்வெட்டருக்கு மேல் வைத்தியம்

ஞாயிறு இரவு, சால்ட் லேக்.

கால்நடை மருத்துவர்களான எங்களுக்கு இன்று பயிற்சி. தசையைப் போர்த்திய ஃபேஷியாச் சவ்வு இறுகினால் நாய்க்கு வலிக்கும் என்று ஈரேழு உலகமும் அதிர முழங்கினார் ஒரு மகாமேதை. பிறகு, என் பக்கத்து வீட்டுச் சிறுமி ஜும்பா கூட்டி வந்திருந்த நொண்டி நாய் போம்பலை ஸ்வெட்டரோடேயே அமுக்கினார்! அது அலறியது.

"கோபக்கார நாய்" என்றார்.

"வலி கம்பளிக்கா ஐயா?" என்றேன்.

"கழற்றாதீங்க காக்கூ, ஜலதோஷம் பிடிக்கும்!" என்று, வங்காளியில் என்னைச் சித்தப்பா முறை வைத்து அழைத்துப் பதறினாள் ஜும்பா.

கழற்றினேன். கக்கத்தில் ஸ்வெட்டர் இறுக்கிய தடம். அங்கே தோல் நகரவேயில்லை. உள்ளங்கையை வைத்து, அமுக்காமல், மெல்ல நகர்த்தினேன். வெகுநேரம் கழித்து போம்பல் பெருமூச்சு விட்டு, முன்காலை ஊன்றியது. கைதட்டலை மகாமேதை வாங்கிக்கொண்டார்.

வீடு திரும்பியதும் மகாராணி ஜும்பா அதே ஸ்வெட்டரை மாட்டிவிட்டாள். போம்பல் மறுபடி நொண்டுகிறது.

கத்தரிக்கோலை எங்கே வைத்தேன்?