ஒரே செடியில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும்

வெம்பக்கோட்டை,
9-1-1962

பீங்கான் கம்பெனி சித்திரப் பகுதி போர்மேன் ஜேசுதாசன் ஐயா அவர்களுக்கு,

உங்களிடம் வேலை பழகும் பொன்னுத்தங்கத்தின் அப்பத்தா ஞானபூரணி எழுதிக்கொண்டது. கர்த்தர் கிருபையில் இங்கே எல்லாரும் சுகம். நீங்களும் பிள்ளைகளோடு சுகமாக இருப்பீக என்று நம்புகிறேன்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். எழுத்து கோணலாக இருக்கும். விசயம் கோணலில்லை.

பேத்தி எழுதியிருந்தாள். ஆறு மாசம் பழகின பிள்ளைகள் ஆளுக்கொரு பூவை எடுத்து, தட்டிலும் கோப்பையிலும் வரைந்து காட்ட வேண்டுமாம். தேறினால்தான் வேலை நிரந்தரமாம். மற்ற பிள்ளைகள் ரோஜாவும் தாமரையும் வரைய, இவள் பருத்திச்செடி வரைந்தாளாம். ஒரே செடியில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவுமா என்று கேட்டு, கழிவுத் தட்டுகளோடு வைத்துவிட்டீகளாம்.

ஐயா, அது தப்பில்லை. எங்கள் கம்போடியாப் பருத்தி காலையில் விரியும்போது வெண்ணெய் நிறம். மறுநாள் அதே பூ சிவந்து நிற்கும். அதனால் எந்நேரம் போய்ப் பார்த்தாலும் செடியில் ரெண்டு நிறமும் இருக்கும். அவள் கணக்கில் தப்புவாள். குழம்பில் உப்பை மறப்பாள். பருத்தியில் தப்ப மாட்டாள்.

நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் என்னோடு பேச மாட்டாள்.

இப்படிக்கு,
ஞானபூரணி


சென்னை,
13-1-1962

மதிப்பிற்குரிய அம்மா,

தங்கள் கடிதம் கிடைத்தது. வேலை விஷயமாக வீட்டாருடன் எழுதிக்கொள்வது எங்கள் வழக்கமில்லை. தாங்கள் பெரியவர் என்பதால் எழுதுகிறேன்.

நான் கடற்கரை ஊர்க்காரன். பருத்தியைச் செடியில் பார்த்ததில்லை. ஆனால் எங்களிடம் உள்ள படப் புத்தகத்தில் அதற்கு ஒரு நிறம்தான் இருக்கிறது. தங்கள் பேத்தி இங்கு வருமுன் சிவகாசியில் பட்டாசு லேபிளுக்குப் படம் வரைந்தவர். லேபிளில் பூ எந்த நிறத்திலும் இருக்கலாம். கண்ணை இழுத்தால் போதும். சாப்பிடுகிற தட்டை ஒருவர் நாள்தோறும் பார்ப்பார். அதில் பிழை இருக்கக் கூடாது.

ஒரே நிறமாக மாற்றிக் கொடு என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு நிற்கிறார். 31ஆம் தேதிக்குள் மாற்றாவிட்டால் அவரை வீட்டுக்கு அனுப்புவதைத் தவிர வழியில்லை.

தங்கள் உண்மையுள்ள,
ஜே. ஜேசுதாசன்


வெம்பக்கோட்டை,
20-1-1962

போர்மேன் ஐயாவுக்கு,

மாட்டேன் என்று தலையை ஆட்டினாளா? அந்த ஒரு வரியை நாலு தடவை வாசித்தேன். சாயங்காலம் ஜெபத்துக்கு வந்தவர்களிடமும் வாசித்துக் காட்டினேன். என் மருமகள் வள்ளித்தாய்தான், "வேலை போகப் போகுதுன்னு எழுதியிருக்காக, நீங்க என்னமோ பரிசு வாங்கின மாதிரி வாசிக்கீக" என்று சடைத்துக்கொண்டாள்.

இத்துடன் ஒரு அட்டைப் பெட்டி வருகிறது. உள்ளே ஈரத்துணியில் ரெண்டு பூ. இன்று காலையில் பறித்தது, ரெண்டும் வெள்ளை. நான் சொன்னால் பேத்திப் பாசம் என்பீக. அதனால் எங்கள் போஸ்ட்மாஸ்டர் ஊர்க்காவலனிடம் பெட்டியைத் திறந்து காட்டி, ரெண்டும் வெள்ளை என்று எழுதித் தரச் சொன்னேன்.

"பூவுக்கெல்லாம் சர்டிபிகேட் குடுக்க எனக்கு உத்தரவில்ல பாட்டி" என்றார்.

"கண்ணால பாக்குறதுக்கு எவன்யா உத்தரவு தரணும்?" என்றேன்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மனுசர் வேறு வழியில்லாமல் எழுதி, முத்திரையும் குத்தித் தந்தார். அந்தச் சீட்டைப் படித்துவிட்டுப் பெட்டியைத் திறவுங்கள்.

ஞானபூரணி


சென்னை,
25-1-1962

அன்புள்ள அம்மா,

சீட்டைப் படித்தேன். "பெட்டியில் உள்ள இரண்டு பூக்களும் காலை 9 மணிக்கு வெள்ளை நிறமாக இருந்தன." பெட்டியைத் திறந்தேன். இரண்டும் வாடி, நல்ல சிவப்பாக இருந்தன. மறுபடியும் சீட்டைப் படித்தேன்.

சித்திரப் பகுதியில் இருபத்திரண்டு பெண்கள். எல்லாரையும் கூப்பிட்டுப் பூவைக் காட்டி, தவறு என்னுடையது என்று சொன்னேன். தட்டைக் கழித்த அன்றைக்குப் பொன்னுத்தங்கம் ஏதோ சொல்ல வந்தார். "லேபிள் கதை இங்கே வேண்டாம்" என்று நிறுத்தியது நான்தான். அதையும் எல்லார் முன்னாலும் சொன்னேன்.

பிப்ரவரி முதல் தேதியிலிருந்து அவருக்கு வேலை நிரந்தரம். மானேஜர் அந்தத் தட்டைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பருத்தி வகை என்று தனியாகவே செய்து, மதுரை, சிவகாசிக் கடைகளுக்கும் அனுப்பப் போகிறோம்.

பூ யார் அனுப்பியது என்று பெண்கள் கேட்டார்கள். பருத்தி தெரிந்த ஒருவர் என்றேன். தங்கள் பேத்தி பெட்டி கட்டியிருந்த கயிற்றை எடுத்து முடிச்சைப் பார்த்தார். பிறகு அதைச் சுருட்டித் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

அவர் வரைந்த முதல் தட்டைத் தங்களுக்கு அன்பளிப்பாக அனுப்ப மானேஜர் சம்மதித்திருக்கிறார். அனுப்பட்டுமா?

ஜேசுதாசன்


வெம்பக்கோட்டை,
30-1-1962

அன்புள்ள தம்பி ஜேசுதாசனுக்கு,

இருபத்திரண்டு பிள்ளைகள் முன்னால் உங்கள் தப்பைச் சொன்னீகளே, உங்களைப் பெற்றவளுக்கு என் தோத்திரம். இனி ஐயா என்று எழுத மாட்டேன்.

தட்டை அனுப்ப வேண்டாம். வருத்தப்படாதீக. வீட்டுக்கு வந்தால் பேத்தி குடுத்தனுப்பினாள் என்பார்கள். எந்தப் பேத்தியும் குடுப்பாள். சிவகாசிக் கடைக்கு என்றைக்கு வரும் என்று மட்டும் ஒரு கார்டு போடுங்கள். அவள் லேபிள் வரைந்த பிரஸ்ஸுக்கு நேர் எதிரே ஒரு பாத்திரக்கடை இருக்கிறது. அங்கே வந்தால் ரொம்ப நல்லது.

நான் வெள்ளைச்சேலை கட்டிக்கொண்டு, வள்ளித்தாயையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். கடையில் ஆள் நிறைந்திருக்கிற நேரமாகப் பார்த்து உள்ளே போய், பருத்திப்பூப் போட்ட தட்டு இருக்கா என்று கேட்பேன். கடைக்காரர் எடுத்து வைப்பார். என்ன பாட்டி, செடியில ரெண்டு நிறமா இருக்கு என்று யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

அதற்குப் பதில் சொல்லத்தான் போகிறேன்.

ஞானபூரணி